குவைத் வரைக்கும் மோர்

எண்பதுகளின் நடுவில் நான் ஒரு நாளிதழின் திருப்பூர் நிருபர். மண்ணரையில், ஒரு பனியன் கம்பெனி முதலாளியின் வீட்டு முன்பகுதியில் வாடகைக்கு இருந்தேன். அந்தச் சித்திரையில் முதலாளி முதல்முறையாக விமானம் ஏறினார். பம்பாயிலிருந்து பிராங்க்பர்ட்.

ஏறப்போவதாகக் காலையில் பம்பாயிலிருந்து போன் செய்தார். அந்த நேரம் முதல் அவர் மனைவி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கணவர் கால் தரையில் படும்வரை வாயில் எதுவும் வைப்பதில்லை என்று வேண்டுதல். அப்போது அவருக்கு ஏழாம் மாதம். முந்தின இரவும் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

"அவரு பம்பாய்க்கு ரயில்ல போனப்ப நீங்க சாப்பிட்டீங்களே?" என்றேன்.

"ரயிலு தண்டவாளத்து மேல போவுதுங்ண்ணா. இது எது மேல போவுது?"

எத்தனை மணி நேரம் பட்டினி என்று தெரிந்துகொள்ள அவருடைய மாமியார் என்னிடம் வந்தார். அட்லஸை விரித்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை வைத்து அளந்தேன். ஆறாயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்தது. விமானத்தின் வேகத்தால் வகுத்து, நம் நேரப்படி மூன்று மணிக்கெல்லாம் இறங்கிவிடும் என்றேன்.

பதினொரு மணிக்குள் அந்தப் பெண்ணின் உதடு காய்ந்துவிட்டது. எழுந்தவர் தலை சுற்றி மறுபடி உட்கார்ந்தார். எனக்கு என் கணக்கின் மேல் சந்தேகம் வந்தது. டிக்கெட் போட்ட கோவை ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். விமானம் எரிபொருள் நிரப்ப இப்போது குவைத்தில் நிற்கிறது, போய்ச் சேர மாலையாகும் என்றார்.

மாமியார் என்னை வாசலுக்கு இழுத்துப்போனார்.

"நல்லபடியா எறங்கிட்டான்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க தம்பி. பேப்பர்ல எழுதாத பொய்யா?"

உள்ளே போனேன். குவைத்தில் நிற்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"அவரு எறங்கி நின்னிருப்பாருங்களா, உள்ளயே உக்கோந்திருப்பாருங்களா?"

"தெரியலைங்க. விமானம் தரையில நிக்குது. அது நிச்சயம்."

அவர் யோசித்தார். மாமியார் மோர் டம்ளரை நீட்டியபடி நின்றார்.

"பாதித் தூரம் இருக்குமுங்களாண்ணா?"

"பாதிக்குக் கொஞ்சம் கம்மிங்க."

அவர் டம்ளரை வாங்கிக் குடித்தார். நிறுத்தி, டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். பாதிக்குச் சற்று அதிகமாகவே மோர் மீதி இருந்தது.

"மிச்சத்தையும் குடி கண்ணு, யாரு அளந்து பாக்கறாங்க?" என்றார் மாமியார்.

"மிச்சத் தூரத்துக்கு அது இருக்கட்டுங்கத்தே."

ஆனால் முகம் தெளிந்திருந்தது. சுவரில் சாய்ந்து கொஞ்சம் தூங்கினார். விளக்கு வைத்தபின் பிராங்க்பர்ட்டிலிருந்து போன் வந்தது. அதன்பிறகே சாப்பிட்டார். ஆடியில் பெண் குழந்தை பிறந்தது.

தொண்ணூறுகளில் முதலாளி அடிக்கடி பறந்தார். வேண்டுதல் மட்டும் மாறவில்லை. ஒருநாள் நான் அவர் கம்பெனியில் இருந்தபோது ஏஜெண்ட் போன் செய்தார். எங்கும் நிற்காமல் நேராகப் போகும் விமானத்தில் இடம் கிடைத்திருக்கிறதாம்.

"நேரா போறது வேண்டாமுங்க. நடுவுல எங்கியாச்சும் நின்னு போறதாப் பாருங்க."

ஏன் என்று ஏஜெண்ட் கேட்டிருக்க வேண்டும்.

"ஊட்டுல பசிக்குமுங்க" என்று சொல்லி முதலாளி போனை வைத்தார்.