ஆத்தா கேட்ட பாதை

வெயில் காலத்தில் காற்று எழுந்தால் நான் முதலில் போய்ப் பார்ப்பது கேஸ் சிலிண்டரைத்தான். மூடியிருக்கும். மூடியிருக்கிறது என்று தெரிந்தும் இன்னொரு தடவை போய்த் தொட்டுப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் நெல் விளைகிற ஊரிலிருந்து வந்தவர். முந்திரிக் கொட்டை வறுக்கிற ஊரில் பிறந்திருந்தால் சிரிக்க மாட்டார்.

எங்கள் ஊர், புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. செம்மண் பூமி. கிழக்கே வீடுகள், மேற்கே தைல மரக் காடு, இரண்டுக்கும் நடுவில் வரிசையாகத் தென்னங்கீற்றுக் கொட்டகைகள். கொட்டகைக்கு ஒரு பெரிய இரும்புச் சட்டி. ஆண்கள் கொட்டையை வறுப்பார்கள், பெண்கள் உட்கார்ந்து கட்டையால் தட்டிப் பருப்பு எடுப்பார்கள். வறுக்கும்போது தோட்டிலிருந்து எண்ணெய் கசிந்து சட்டியே தீப்பிடித்து எரியும். பிடிக்கத்தான் வேண்டும், அப்போதுதான் தோடு முறுகும். ஆள் உயரத்துக்கு எழும்புகிற அந்தத் தீயை நீளக் கம்பால் கிண்டிக்கொண்டே அப்பா பக்கத்துக் கொட்டகைக்காரரோடு அரசியல் பேசுவார். புகை கறுப்பாக, பிசுபிசுவென்று வரும். கொடியில் காய்கிற துணியில் ஒட்டும், சோற்றுப் பானை மூடியில் ஒட்டும். எனக்கு நெஞ்சில் ஒட்டியது.

அப்போது நான் மூன்றாவது படித்தேன். இளைப்பு வந்தால் படுக்க முடியாது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என்னைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, நெஞ்சில் தைலம் தேய்ப்பாள். பின்னால் எட்டாவதோடு என் படிப்பு நின்றதற்கும் இந்த நெஞ்சுதான் பாதிக் காரணம். மீதிப் பாதி கணக்குப் பாடம்.

அந்த வருஷம் சித்திரை பிறந்ததுமே மேல்காற்று கிளம்பிவிட்டது. மழை பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. தைல மரக் காட்டுக்குள் நடந்தால் சருகு முழங்காலுக்குக் கீழே அப்பளம்போல நொறுங்கும். காற்று ஒரு சுழற்று சுழற்றினால் அந்தச் சருகு பறந்து வந்து கொட்டகை வாசலில் விழும். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் என் முதுகில் காது வைக்கிற குழாயை வைத்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம், “சட்டிய நிறுத்தாம மருந்த மட்டும் குடுத்தா என்னம்மா ஆகும்? அடுத்த தடவ இங்கிட்டு வர நேரம் இருக்குமோ இருக்காதோ” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள். அப்பா கெட்டவர் இல்லை. “நான் நிறுத்துனா ஊரு நிறுத்துமா? ஏவாரி மூட்டைய அடுத்த கொட்டாய்ல எறக்கிட்டுப் போயிருவான். பொகை அங்கேருந்தும் இங்கதான வரும்?” என்றார். அவர் சொன்னது சரி. அதுதான் தொல்லை. ஒவ்வொரு கொட்டகையிலும் இப்படிச் சரியாகப் பேசுகிற ஒருவர் இருந்தார்.

அடுத்து காட்டு வாச்சர் பைக்கில் வந்தார். காலை ஊன்றியபடியே எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். “காத்து அடங்குற வரைக்கும் சட்டி வைக்காதீங்க. காட்டோரமா பத்தடிக்குச் சருகக் கூட்டி வெறும் மண்ணா வச்சுக்கங்க. ஒரு பொறி விழுந்துச்சுன்னா போதும், தைல மரம் பெட்ரோல் கணக்காப் பிடிக்கும். கொட்டாயோட நிக்காது, வீட்டுக்கு வந்துரும்.”

எல்லாரும் “சரிங்க, சரிங்க” என்றார்கள். கையில் ஒரு பொட்டலம் பருப்பும் கொடுத்து அனுப்பினார்கள். அவருடைய வண்டிப் புழுதி அடங்குமுன் சட்டிகள் எரியத் தொடங்கின.

எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் திருவிழா முடிகிறவரை வீட்டில் தாளிக்கக் கூடாது, எதையும் வறுக்கக் கூடாது. ஊரைவிட்டுப் போய் இரவு தங்கவும் கூடாது. ஆனால் திருவிழா வருவது முந்திரி காலத்தில். அதனால் யாரோ ஒரு பெரியவர் எப்போதோ, “சாப்பாட்டுக்கு வறுக்கிறதுதான் ஆகாது, தொழிலுக்கு வறுக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆத்தா அதற்கு மறுப்புச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆகவே காப்பு நாளில் கடுகு வெடிக்காது, கொட்டை மட்டும் வெடித்துக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம், காப்புக் கட்டுவதற்கு முன் வருகிற பூச்சொரிதல் அன்று, கோயில் வாசலில் உடுக்கு அடித்துக்கொண்டிருந்தபோது, என் பக்கத்தில் நின்ற அம்மா என் கையை விட்டாள். விட்ட கை ஆடியது. பிறகு உடம்பு ஆடியது. கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது.

அம்மாவுக்கு அதற்கு முன் சாமி வந்ததே இல்லை. சாமி ஆடுகிறவர்களைப் பார்த்தால் பயந்து ஒதுங்கி நிற்கிற ஆள். நான் அழுதுகொண்டே அத்தையின் சேலையைப் பிடித்தேன். அப்பாவின் அக்கா அவர். அம்மாவோடு ஒரே கொட்டகையில் உட்கார்ந்து கொட்டை உடைப்பவர்.

பூசாரி எங்கள் பெரியப்பாதான். “யாரு தாயே வந்திருக்கிறது?” என்றார்.

“நான்தான்டா. வேற யாரு வருவா? வருசா வருசம் என் காப்பக் கட்டிக்கிட்டு எவன்டா சட்டி வைக்கிறது?”

அப்பா முன்னால் வந்து, தன் பெண்டாட்டி முன் கைகட்டி நின்றார். “தாயே, அது தொழிலுக்குத்தான்... வறுக்கலேன்னா சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது?”

“இத்தன வருசம் நீ குடிச்ச காச முடிஞ்சு வச்சிருந்தா இந்த ஊரே ஒக்காந்து தின்னுருக்கும்.”

அத்தை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். பயத்தில் என்று நினைத்தேன். எங்கள் வீட்டு விஷயம் ஆத்தாவுக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

“இன்னைக்கே காப்புக் கட்டு. காத்து எறங்குனாத்தான் அவுக்கணும். அதுவரைக்கும் ஒரு சட்டி எரியக் கூடாது. அப்பறம் எனக்கு நடக்கப் பாதை வேணும். காட்டுக்கும் கொட்டாய்க்கும் நடுவுல, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும். ஒரு எலை என் கால்ல படக் கூடாது.”

“என்னைக்குத் தாயே நடப்ப?” என்றார் பெரியப்பா.

“சொல்ல மாட்டேன். தெனமும் கூட்டு.”

பின்வரிசையிலிருந்து யாரோ, “புதுசா வந்த சாமி. சூடம் வச்சுப் பாருங்க” என்றார். அது வழக்கம்தான். உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி அணைகிறவரை தாங்கினால் வந்தது சாமி. பெரியப்பா அம்மாவின் வலது கையில் கட்டியை வைத்துக் கொளுத்தினார். காற்று அணைத்துவிட்டது. மறுபடி கொளுத்தினார். மறுபடி அணைத்துவிட்டது. “இந்தக் காத்துல எங்க நிக்கும்? போதும்ப்பா” என்று அவர் திருநீற்றுத் தட்டை எடுக்கத் திரும்பினார்.

அம்மா விடவில்லை. “ஏத்து” என்றாள். ஏற்றியதும் இடது கையைக் குவித்துக் காற்றுக்கு மறைத்துக்கொண்டாள். சூடம் கடைசித் துளிவரை நின்று எரிந்தது. அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. சாமிக்குக் கோபம் போல.

அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவருக்கு முன்பே பெண்கள் எல்லாரும் விழுந்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் சட்டிகள் கவிழ்த்துக் கிடந்தன. பெண்கள் விளக்குமாற்றோடு வரிசையாக நின்று காட்டோரம் கூட்டினார்கள். ஆண்கள் மண்வெட்டியால் புல்லைச் செதுக்கினார்கள். தேர் இல்லாத ஊரில் தேர் ஓடுகிற அகலத்துக்குச் செக்கச்செவேலென்று ஒரு பாதை விழுந்தது. காற்று தினமும் சருகைக் கொண்டுவந்து போடும், தினமும் கூட்டினார்கள். அப்பாவுக்கு வேலை இல்லாததால் வீட்டிலேயே இருந்தார். அம்மாவிடம் என்ன கேட்பதானாலும் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டார். “காப்பி... இருக்குங்களா?” என்று அவர் கேட்டபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

அவள் உள்ளங்கையில் பெரிய கொப்புளம். “என்னம்மா?” என்றேன். “சட்டி சுட்டுருச்சு” என்றாள். சட்டி எதுவும் எரியவில்லையே என்று எனக்குத் தோன்றியது. கொட்டை எண்ணெய் பட்டு அந்தக் கை எப்போதும் கறுத்து, தோல் உரிந்துதான் இருக்கும், ஆனால் இப்படிக் கொப்புளித்ததில்லை. ஆத்தாவைச் சரியாக உட்காரவைக்கத் தெரியாமல் அம்மா ஏதோ தப்புச் செய்திருக்கிறாள், அதனால் ஆத்தா சுட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று நான் கவலைப்பட்டேன். அப்போதே எனக்குக் கவலைப்படத் தெரியும்.

காட்டில் தீப்பிடித்தது ஒரு நடுப்பகலில். யாருடைய பீடியோ, தெரியாது. எங்கள் சட்டி இல்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். முதலில் வந்தது புகைதான். எங்களுக்குப் பழக்கமான கறுப்புப் புகை இல்லை. வெள்ளையாக, தாழ்வாக, தைல வாசனையோடு வந்தது. நெஞ்சில் தேய்க்கிற அதே வாசனை. நான் பாதையோரம் போய் நின்றுகொண்டு, இது மருந்து, நிறைய இழுத்தால் இளைப்பு மொத்தமாகப் போய்விடும் என்று வாயைத் திறந்து ஆசை ஆசையாக இழுத்தேன்.

நாலாவது இழுப்பில் மூச்சு உள்ளே போக மறுத்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ என்னைப் பின்னாலிருந்து தூக்கினார்கள். ஈரத் துண்டு முகத்தைச் சுற்றியது. அப்பாவின் மொபெட்டில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நசுங்கியபடி நான் போனேன். எதிரே மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி போனது. அம்மா திரும்பி ஊரைப் பார்க்கவேயில்லை. என் விலா எலும்பு ஏறி இறங்குவதையே கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நர்ஸ் என் மூக்கில் ஒரு மூடியை வைத்து மிஷினைப் போட்டார். அதிலும் புகைதான் வந்தது. நான் பயந்து தலையை ஆட்டினேன். “இது நல்ல பொகைடி” என்றாள் அம்மா. கொஞ்ச நேரத்தில் மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. நர்ஸ் நாற்காலியில் சாய்ந்தார். “நல்லவேளை, இத்தன நாளா நெஞ்சு கொஞ்சம் தெளிஞ்சிருந்துச்சு. கொட்டைப் பொகையில கெடந்த நெஞ்சா இருந்தா நான் ஒண்ணும் சொல்ல முடியாது. பொகை அடங்குற வரைக்கும் பிள்ளைய ஊருக்குக் கொண்டுபோகாதீங்க.”

“காப்புக் கட்டியிருக்கோமேங்க, வெளியூர்ல தங்கக் கூடாதே” என்றார் அப்பா.

“ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா” என்றாள் அம்மா.

“அது எப்படி ஒனக்கு...” என்று ஆரம்பித்த அப்பா, பாதியில் நிறுத்தி, “சரிங்க” என்றார்.

இரண்டு நாள் டவுனில் சித்தி வீட்டில் இருந்தோம். திரும்பி வந்தபோது மேற்கே காடு கரிக்குச்சியாக நின்றது. தீ பாதை வரை வந்து, தாண்டத் தெரியாமல் அங்கும் இங்கும் அலைந்ததாம். ஆண்கள் வேப்பங்குழையால் அடித்தார்களாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் பொறி பறந்து ஒரு தோட்டுக் குவியல் எரிந்திருந்தது. மற்றபடி கீற்று ஒன்றும் கருகவில்லை. ஆத்தா அன்றைக்குத்தான் அந்தப் பாதையில் நடந்தாள் என்று ஊரே சொன்னது. வாச்சர் வந்து பாதையின் நீளத்தைப் பார்த்துவிட்டு ஆச்சரியமாக நின்றார். அவரிடம் யாரும் ஒன்றும் விளக்கவில்லை.

காற்று இறங்கியது. காப்பை அவிழ்த்தார்கள். சட்டிகள் திரும்ப எரிந்தன, புகையும் வந்தது. அம்மா என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பப் பார்த்தாள், நான் அழுது மறுத்துவிட்டேன். அவளுக்குக் கை ஆறவில்லை. கட்டையைப் பிடித்தால் புண் வெடித்துவிடும். இடது கையால் தட்டுவாள், பருப்பு நொறுங்கும். நொறுங்கிய பருப்புக்கு வியாபாரி கூலி தர மாட்டார்.

சாயங்காலம் எடை போடுவதற்கு முன் அத்தை எழுந்து வந்து தன் முறத்திலிருந்து ஒரு கைப்பிடி முழுப் பருப்பை அம்மா முறத்தில் போட்டார். “ஆத்தாவுக்கு” என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி. “ஆத்தாவுக்கு.” அந்தக் கொட்டகை முடிந்து அடுத்த கொட்டகையிலிருந்தும் வந்தார்கள். தினமும் வந்தார்கள். அம்மா தலை நிமிராமல் தட்டிக்கொண்டேயிருந்தாள்.

எனக்கு இது பெரிய கவலையாகிவிட்டது. ஆத்தாவுக்கென்று கொடுத்ததை எடை போட்டு நாங்கள் சாப்பிடுவதா? அதற்கு அவள் இன்னொரு கையையும் சுட்டுவிட்டால்? ஒருநாள் அம்மா தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, அந்தப் பருப்பையெல்லாம் பாவாடையில் அள்ளிக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். பெரியப்பா விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆத்தாவுக்குக் குடுத்தது. உள்ள வச்சிருங்க பெரியப்பா.”

அவர் பாவாடையை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“கொண்டுபோயி ஒங்க அம்மாகிட்ட குடு.”

“இல்ல பெரியப்பா, இது ஆத்தாவுக்கு.”

“அதத்தான் நானும் சொல்றேன். அவகிட்டயே குடுத்துரு, போ.”

பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். இத்தனை வருஷம் பூசை செய்கிற மனுஷருக்கே ஆத்தா எது, எங்கள் அம்மா எது என்று தெரியவில்லையே என்று வழியெல்லாம் எனக்கு அவர்மேல் வருத்தமாக இருந்தது.