அதெல்லாம் அந்தக் காலம், சார்

எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. ஒரே வகைதான் என்று நம்பியிருந்தேன். காரில் வருவார்கள், பிஸ்கட் கொண்டுவருவார்கள், மூன்று கேள்வி கேட்பார்கள், போய்விடுவார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்புறம், ஏரிக்கரையை ஒட்டி இருபது வீடு இருளர்கள் நாங்கள். குடியிருப்பின் முனையில் தகரக் கூரை போட்ட ஒரு ஹால் இருந்தது. பெயர்ப்பலகையில் என்னவோ நீளமாக எழுதியிருக்கும். நாங்கள் மையம் என்போம். சாயங்காலம் டியூஷன், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கேரம் போர்டு, பெரிய பையன்களுக்குக் கபடி, பெரிய பெண்களுக்குத் தையல் மிஷின், எல்லோருக்கும் சனிக்கிழமை நகவெட்டி. இதையெல்லாம் நடத்திய அக்கா திருநின்றவூரிலிருந்து இரண்டு ரயில் மாறி வருவார். வந்ததும் முதல் வேலையாக எங்கள் தலைகளைப் பார்ப்பார். வாராத தலை உள்ளே நுழைய முடியாது.

வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். எதையும் எண் போட்டு எழுதினால்தான் எனக்கு அப்போதும் நிம்மதி. ஒன்று: தினமும் பள்ளிக்கூடம் போகிறாயா? போகிறேன் சார். இரண்டு: பெரியவளாகி என்ன ஆகப்போகிறாய்? கலெக்டர். டாக்டர் என்றும் சொல்லலாம், ஆனால் அதைப் பக்கத்து வீட்டுப் பெண் முதலிலேயே எடுத்துக்கொண்டுவிட்டாள். மூன்று: இன்னும் எலி பிடிக்கிறீர்களா? அதெல்லாம் அந்தக் காலம், சார்.

மூன்றாவது பதில் அக்கா சொல்லிக்கொடுத்ததில்லை. எங்கேயோ பெரியவர்கள் பேசக் கேட்டு நானாகச் சொன்னது. முதல் தடவை சொன்னபோது வந்திருந்தவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். ஒரு அம்மா என் கன்னத்தைக் கிள்ளி, எனக்கு மட்டும் இன்னொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். அன்றிலிருந்து யார் வந்தாலும் என்னை முன்வரிசையில் நிறுத்துவது வழக்கமாயிற்று. முந்தின நாள் ராத்திரி எங்கள் வீட்டில் எலிக்குழம்பு வைத்திருந்தாலும் இந்தப் பதில் சொல்வதில் எனக்குச் சிக்கல் இருந்ததில்லை. வீடு வேறு, மையம் வேறு.

என் அண்ணன் எனக்கு ஏழு வயது மூத்தவன். எங்கள் குடியிருப்பில் பத்தாவது தேறிய முதல் ஆள். மையத்தின் சுவரில் அவன் படம் ஒட்டியிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பான். சொம்பில் வெந்நீர் ஊற்றித் தேய்த்த சட்டைதான் போடுவான். ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு, எங்கள் ஏரிக்கு எதிர்க்கரையில் புகை விடும் இரும்புத் தொழிற்சாலையில் சேர வேண்டும் என்பது அவன் திட்டம். விண்ணப்பம் போட்டாயிற்று. சாதிச் சான்றிதழ் மட்டும் இல்லை. மற்றவர்களுக்கு அது ஜன்னலில் கிடைக்கும். பழங்குடி என்பதால் எங்களுக்கு ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, பார்த்து, விசாரித்து, எழுத வேண்டும். அண்ணனும் நைனாவும் நான்கு தடவை போய்க் காத்திருந்துவிட்டுத் திரும்பினார்கள். ஐடிஐயில் கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருந்தபோது, வியாழக்கிழமை காலை வருகிறோம் என்று தகவல் வந்தது.

அவர் செவ்வாய்க்கிழமை மத்தியானமே வந்துவிட்டார்.

அம்மா ரைஸ் மில்லுக்குப் போயிருந்தாள். நைனா இரண்டு ஊர் தள்ளி ஒரு பண்ணையில் இருந்தார். அறுப்புக்கு முன்னால் வயலில் எலி ஒழிக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அதாவது, இந்தக் குடும்பம் எலி பிடிக்கும் குடும்பம்தானா என்று அரசாங்கம் விசாரிக்க வந்த நேரத்தில், குடும்பத் தலைவர் எலி பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போன் கிடையாது.

பள்ளி விடுமுறை என்பதால் அக்கா காலையிலேயே வந்திருந்தார்; மையத்தில் பதினைந்து பிள்ளைகள் இருந்தோம். அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். நைனாவின் அக்கா, எங்கள் அத்தை, வாசலில் முறத்தில் கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜீப் சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்தில் நாங்கள் உயரவாரியாக வரிசையில் நின்றுவிட்டோம். நான் முன்னால்.

வந்தவர் கெட்டவர் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். நாங்கள் சேர்ந்து சொன்ன வணக்கத்துக்குத் திரும்ப வணக்கம் சொன்னார். மடியில் ஒரு ஃபைலை விரித்தார். பிஸ்கட் கொண்டுவரவில்லை என்பதைத் தவிர எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

"சாமி என்ன சாமி கும்பிடுறீங்க?"

"கன்னியம்மா தான். வேற இன்னா சாமி கீது எங்களுக்கு?" என்றாள் அத்தை. அவர் எழுதிக்கொண்டார்.

"எலி புடிக்கிறதெல்லாம் உண்டா?"

கேட்டது அத்தையிடம். ஆனால் அவர் முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. மூன்றாவது கேள்வி. அத்தை வாயைத் திறப்பதற்குள் நான் கையைக் கட்டிக்கொண்டு, ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"அதெல்லாம் அந்தக் காலம், சார்!"

பின்வரிசையில் ஒரு குட்டிப்பையன் கைதட்டினான். வேறு யாரும் தட்டவில்லை. அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அந்த ஆபீசரின் பேனா அப்படியே நின்றது.

"சார், குழந்தை. வர்ற விசிட்டர்ஸ்கிட்ட சொல்லிச் சொல்லிப் பழக்கம். அவங்க அப்பா இப்போகூட அந்த வேலைக்குத்தான் போயிருக்கார்" என்று அக்கா அவசரமாகச் சொன்னார்.

"நேத்து ராவு துண்ணவ தான் சார் இவ!" என்று அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். "இந்தாமே, வாயி இன்னா வாயி உனக்கு? எலிக்கொழம்புக்கு இன்னொரு உருண்டை சோறு கேட்டியே, அது எந்தக் காலம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் எழுதவில்லை. அண்ணன் எழுந்து வந்து நின்றான். அவர் அவனை மேலிருந்து கீழே வரை பார்த்தார். தேய்த்த சட்டை, பேன்ட், வாரிய தலை.

"தம்பி, உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையேப்பா."

"எப்படி சார் தெரியணும்?"

அண்ணன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"நான் நம்புறேன்பா" என்றார் அவர். "ஆனா பொய் சொல்லி வாங்குறவங்க எத்தனையோ பேரு. ஃபாரத்துல பழக்கவழக்கம்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல நான் எதையாவது எழுதணும். சின்னப் பொண்ணே இப்படிச் சொல்லுது. நாளைக்கு மேல கேட்டா நான் என்ன பதில் சொல்லட்டும்?"

நைனாவைக் கூட்டிவர ஆள் அனுப்பலாம் என்றார் அக்கா. இரண்டு மணி நேரம் ஆகும். அவருக்கு அன்று இன்னும் இரண்டு ஊர் பாக்கி. இன்னொரு நாள் வருவதென்றால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார். அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். எனக்கு மெல்லப் பயம் வந்தது. சரியான பதிலைச் சொல்லி ஒரு காரியம் கெட்டுப்போகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அவரே ஒரு வழி சொன்னார். "ஒண்ணே ஒண்ணு புடிச்சுக் காட்டுங்க. நான் ஒரு போட்டோ எடுத்து ஃபைல்ல வச்சுடுறேன். யாரும் கேள்வி கேட்கமாட்டாங்க." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்தப் பாப்பாவே புடிச்சா இன்னும் நல்லது. சின்ன வயசுலேயே தெரியுதுன்னு இருக்கும். இதுக்கும் நாளைக்கு உதவும்."

என் பயமெல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. நைனாவோடு வரப்பில் நடந்திருக்கிறேன். மண் உருண்டையால் வளையின் மறுவாயை அடைக்க எனக்குத் தெரியும். கெடுத்ததை நானே சரிசெய்துவிடலாம், போட்டோவும் எடுப்பார்கள். "நான் புடிக்கிறேன் சார்!" என்று வரிசையை விட்டு ஓடினேன்.

அண்ணன் என் பாவாடைப் பட்டியைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

"அது வேணாம் சார். நான் புடிக்கிறேன்."

மையத்துக்குப் பின்னால் அறுத்த வயல். எல்லோரும் வரப்பில் போனோம். ஆபீசர் ஒரு வளையைக் காட்டி, இதில் பார் என்றார். அண்ணன் குனிந்து பார்த்தான். "இதுல எலி இல்ல சார். வாய் வழவழன்னு கீது. பாம்பு குந்திகினு இருக்கும்." அவன் பேச்சு எங்கள் வீட்டுப் பேச்சாக மாறியிருந்தது. நான் அதை மையத்துப் பக்கத்தில் கேட்டதே இல்லை. நாலடி தள்ளிப் புது மண் தள்ளியிருந்த இன்னொரு வளையைக் கண்டுபிடித்தான். அதன் மறுவாய்களைத் தேடி ஒவ்வொன்றாக அடைத்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு முட்டி போட்டான்.

"சட்டையக் கழட்டிடேன் தம்பி. அழுக்காயிடும்ல? போட்டோவுக்கும் அதான் நல்லாயிருக்கும்."

அண்ணன் ஒரு நொடி அப்படியே இருந்தான். பிறகு பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை நாலாக மடித்து, என்னிடம் கொடுத்தான். அத்தை மையத்துக் கடப்பாரையால் இரண்டு குத்து குத்த, அவன் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டான். முகத்தைத் தரையோடு வைத்துக் கண்ணை மூடியிருந்தான். கை வெளியே வந்தபோது கொழுத்த வெள்ளெலி ஒன்று வாலில் தொங்கியது. பிள்ளைகள் கத்தினார்கள். எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியது நான்.

ஆபீசர் போனை எடுத்தார். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு. பின்னால ஃபாக்டரி விழுது." அண்ணன் திரும்பினான். "இன்னும் கொஞ்சம். புகை தெரியுது பார்." இன்னும் திரும்பினான். "எலியத் தூக்கிப் புடி. மூஞ்சியும் தெரியணும்." இரண்டு படம் எடுத்தார். அக்கா பார்க்கவில்லை. அவர் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எனக்கும் ஒண்ணு! நான் கையில புடிச்சிக்கினு நிக்கிறேன்" என்று நான் முன்னால் போனேன். அவர் சிரித்தபடி போனை மறுபடி உயர்த்தினார். அண்ணன் சேறு பூசிய கையால் என்னைத் தள்ளி மறைத்துக்கொண்டு நின்றான். "போதும் சார். அவ குழந்தை." மறுகையில் இருந்த எலியை வயலுக்குள் வீசிவிட்டான்.

"நல்ல எலிய வுட்டுட்டான் பாரு, பேஜாரு புடிச்சவன்" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

சான்றிதழ் கடைசி நாளுக்கு முந்தின நாள் வந்தது. அண்ணன் ஐடிஐயில் சேர்ந்தான். மையத்துக்கு மட்டும் அதற்குப் பிறகு அவன் வரவேயில்லை. கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க வா என்று அக்கா இரண்டு தடவை வீட்டுக்கே வந்து கூப்பிட்டும் வேலை இருக்கிறது என்றான். சுவரில் இருந்த அவன் படத்தை ஒரு நாள் அவனே வந்து பிய்த்து எடுத்துப்போனதாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

எட்டு வருஷம் கழித்து, பாலிடெக்னிக்கில் சேர நான் சான்றிதழுக்குப் போனேன். என்னென்ன கேட்பார்கள் என்று எண் போட்டு எழுதி, இம்முறை பதில்களை வீட்டில் எல்லோரிடமும் சரிபார்த்திருந்தேன். ஜன்னலில் இருந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. கூடப் பிறந்தவருக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறதே என்று அண்ணனின் சான்றிதழ் நகலைப் பின் பண்ணிக்கொண்டார். எங்கள் ஊருக்கு ஜீப் வரவில்லை. என்னை யாரும் எந்தப் பக்கமும் திரும்பி நிற்கச் சொல்லவில்லை. ஃபைலில் என் படம் என்று ஒன்று இருக்கிறது. பாஸ்போர்ட் சைஸ், வெள்ளைப் பின்னணி, தேய்த்த சட்டை.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரே குறைதான் இருந்தது. அண்ணன் குழாயடியில் உட்கார்ந்து கையை நெடுநேரம் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். நான் போய் எதிரில் நின்றேன்.

"நீ மட்டும் போட்டோ எடுத்துக்கினே. என்னை வுடல."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"ஆமா" என்றான். "நான் மட்டும்தான்."

பெருமையடித்துக்கொள்கிறான் என்று நினைத்தேன். மூன்று நாள் அவனோடு பேசவில்லை.