ஓனரம்மா

சூரியநெல்லியில் செல்வலட்சுமி தங்கும் விடுதி நடத்துகிறாள். விடுதி என்றால் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்த மூன்று அறைகள். பின்னால் அவள் வீடு. கணவன் ஈஸ்வரன் காலையிலேயே ஜீப் ஓட்டப் போய்விடுவான். அறை கூட்டுவது, சமைப்பது, போர்வை துவைப்பது, போனில் பதில் சொல்வது எல்லாம் அவள்தான். மழைக்காலத்தில் போர்வை காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துவாள்.

ஒருநாள் மீன் பொரித்துக்கொண்டே போனில் பேசியவள், ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குச் சொல்லிவிட்டாள். இரண்டும் வந்து இறங்கின. ஒரு குடும்பத்துக்குத் தன் வீட்டையே ஒழித்துக் கொடுத்துவிட்டு, கணவனும் மனைவியும் ஜீப்பில் படுத்தார்கள்.

"எல்லாத்தையும் நீயே இழுத்துப் போட்டுக்கிட்டா எப்படி? எதையாவது ஆள்கிட்ட விடு" என்றான் ஈஸ்வரன்.

போர்வைகளைச் சின்னக்கானலில் சலவைக்குப் போட்டாள். வந்ததை மோந்து பார்த்து, முதல் தடவை திரும்பவும் அலசினாள். போனைத் தருவதுதான் கஷ்டமாக இருந்தது. பக்கத்து வீட்டு எப்சிபா, இடுப்புவலியால் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்தியிருந்தாள். மலையாளமும் நன்றாகப் பேசுவாள். சம்பளம் பேசி, போனை அவளிடம் கொடுத்தாள் செல்வலட்சுமி.

கொடுத்த பிறகும் நிம்மதியில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.

"மழைக்கு அட்டைப்பூச்சி இருக்கும். பயமா இருந்தா வெயில் காலத்துல வாங்க" என்று எப்சிபா யாரிடமோ சொன்னாள்.

"ஏன்டி, இப்படிச் சொன்னா எவன் வருவான்?"

"வந்து பாத்துட்டு உங்ககிட்ட சத்தம் போடுறதுக்கு, இப்பவே தெரிஞ்சுக்கிடட்டும்க்கா."

சொல்லிக் கொடுப்பதும் சரிபார்ப்பதும் தனி வேலையாகிவிட்டன. போகப் போக ஒட்டுக் கேட்பதை விட்டாள். தெம்பு இல்லை என்பதுதான் காரணம். நம்பிக்கை பிறகுதான் வந்தது.

ஒரு சாயங்காலம் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். விழித்தபோது திருப்பூர்க் குடும்பம் ஒன்று அறையில் சாமான்களை இறக்கியிருந்தது. எப்சிபா சாவி கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். செல்வலட்சுமி அவசரமாகக் காப்பி கொண்டுபோனாள்.

"ஏனுங்க, ஓனரம்மா போயிட்டாங்களா? போன்ல நல்லாப் பேசுனாங்க" என்றார் வந்தவர்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் வெந்நீர், நாளைக்கு ஜீப், டிவி ரிமோட் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்.

"ஆமாங்க. காலைல வருவாங்க, அவங்ககிட்ட கேட்டுக்கோங்க" என்றாள்.

அதைச் சொன்னதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. சமையலறையில் சப்பாத்திக்கு இன்னும் மாவு பிசையவில்லை.