சாகாத மதுவம்

அந்தக் கலங்கள் செத்தாக வேண்டும். மின்வெட்டும் எரிபொருள் வரிசையுமாய் நாடு கிடந்த அந்த வருடத்தில் என் பட்டப்படிப்பின் இறுதி ஆய்வு அந்தச் சாவை நம்பித்தான் இருந்தது.

மதுவக் கலத்துக்கு, அதாவது மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டுக்கு, ஐதரசன் பேரொட்சைட்டு நஞ்சு. புரதங்களை ஒட்சியேற்றிச் சிதைத்துவிடும். ஆனால் முதலில் சிறிதளவு கொடுத்துப் பாருங்கள்! கலம் உஷாராகிறது. நஞ்சை உடைக்கும் நொதியங்களைப் பெருக்குகிறது. குளுக்கோசை வேறொரு வழியில் திருப்பிவிட்டு இலத்திரன்களைச் சேர்க்கிறது. அவற்றைக் கொடுத்துப் பழுதான புரதங்களைத் திருத்துகிறது. பிறகு நிறைய ஊற்றினாலும் பிழைக்கும். அப்படிப் பழக்காத கலமோ சாகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பழக்காதவையும் சாகவில்லை. தட்டு நிறைய வெள்ளைப் புள்ளிகள் முளைத்தன, ஒவ்வொன்றும் பிழைத்த ஒரு கலத்தின் பெருக்கம். திரும்பச் செய்தேன். திரும்பவும் முளைத்தன.

"பழக்காதது சாகாட்டி எதோட ஒப்பிடுறது? இதை ஏற்க ஏலாது. வெள்ளிக்குள்ள முடியுங்கோ," என்றார் விரிவுரையாளர் தொலைபேசியில்.

ஆய்வுகூடத்தில் மின்சாரம் இல்லாததால் குடுவைகளைத் துறைமுகத்துப் பக்கம் மீனுக்கு ஐஸ் போடும் இடத்தில் வைத்திருந்தோம். அங்கே ஜெனரேற்றர் ஓடும். என்னோடு படித்த கிண்ணியாத் தோழியின் சாச்சா, அவளுடைய வாப்பாவின் தம்பி, அதன் பொறுப்பாளர். ஜெனரேற்றருக்கு மேலே ஒரு இரும்புத் தட்டு, இயந்திரம் ஓடினால் அதுவும் அதிரும். மதுவத்துக்குக் காற்றுப் படக் குலுக்க வேண்டுமே, இதைவிட என்ன வசதி என்று நாங்கள் இருவரும் பெருமைப்பட்டுக் குடுவைகளை அதில் ஏற்றியிருந்தோம்.

அன்று குடுவையை எடுக்கப்போன தோழி கையை உதறினாள்.

"அல்லாஹ்! இதில ரொட்டி சுடலாம்டி."

இயந்திரத்தின் சூடு இரும்புத் தட்டு வழியாகக் குடுவைகளுக்குள் ஏறியிருந்தது. சூடும் கலத்துக்கு ஓர் அடிதான். அந்த அடியிலேயே எல்லாம் பழகிவிட்டன. பேரொட்சைட்டு வந்தபோது ஆயத்தமாய் நின்றன. பழக்காத கலம் என்று என்னிடம் எதுவுமே இருக்கவில்லை.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மீன் சட்டிக்குப் பின்னால், சூடு படாத மூலத் தட்டு இருந்தது. பாதிக்கு மேல் பூஞ்சணம். ஓரத்தில் ஒரேயொரு சுத்தமான புள்ளி. பூஞ்சணத்தில் படாமல் அதைத் தொட்டெடுத்தேன்.

அதை வளர்க்க, சூடு மிஞ்சாமல் கொஞ்சம் ஐஸ் கலந்த தண்ணீர் வாளி, ஒரு வெப்பமானி, எங்கள் கைகள். முறை வைத்துக் குலுக்கினோம்.

"பால்மா கரைக்கிற மாதிரி ஆட்டுறீங்க. இதுக்கா புள்ள கம்பஸுக்குப் போனீங்க?" என்றார் சாச்சா.

"இது சாகாட்டி எங்களுக்குப் பட்டமில்ல, சாச்சா," என்றாள் தோழி.

"சாகத்தான் வேணுமெண்டா இவ்வளவு பாடுபட்டு ஏன் வளர்க்கிறீங்க?"

வளர்ந்ததை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மட்டும் பழக்கி, இரண்டுக்கும் நஞ்சை ஊற்றித் தட்டுகளில் பரப்பினோம். வியாழன் பகல் திறந்தேன். பழக்காத தட்டு வெறுமை. ஒரு புள்ளிகூட இல்லை.

"செத்திட்டுதுகள்!"

ஐஸ் கட்டி இழுத்தவர்கள் அப்படியே நின்றார்கள். "யாரு புள்ள மௌத்து?" என்று ஒருவர் பதறினார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

பழக்கிய மற்றத் தட்டைத் தோழி திறக்கவில்லை. அதுவும் வெறுமையென்றால் நான் அளவு மிஞ்சி நஞ்சு ஊற்றியிருக்கிறேன், வேறொன்றுமில்லை.

"திறவடி."

"இரிக்கி... புள்ளி கொஞ்சம்தான்."

படங்களை அனுப்பினேன். விரிவுரையாளர் உடனே தொலைபேசியில் அழைத்தார். "ஓம், வடிவா வந்திருக்கு. ஆனா ஒருதரம் வந்தது காணாது. இன்னும் ரெண்டு தரம் செய்து காட்டுங்கோ. ஒரு கிழமை தாறன்."

மூலத் தட்டில் இனி ஒன்றுமில்லை. பிழைத்த புள்ளிகள்தான் மிச்சம். அடிபடாமல் சில தலைமுறை வளர்ந்தால் அவை பழகியதை மறந்துவிடும். மறந்தால் மறுபடி சாகும். மறக்கவைக்க வேண்டும். அதில் ஒன்றைத் தொட்டெடுத்துப் புதுக் குடுவைக்குள் விட்டேன். தோழி வாளியைத் தூக்கிக்கொண்டு ஐஸுக்குப் போனாள்.