பெரிய வெள்ளியன்று வாங்கிய ஈரல்

இதை நம்பச் சொல்லி யார் காலிலும் விழப்போவதில்லை. நடந்தது எனக்கு. இன்றைக்கும் ஈரமான ரப்பரைத் தொட்டால் கையை உதறிவிடுகிறேன்.

என் பெயர் பூமாரி, போடிக்காரி. உத்தமபாளையம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் ஆராய்ச்சி செய்கிறேன். புது டாக்டர்கள் கத்தி வைத்துப் பழகுவதற்காக, கம்ப்யூட்டருக்குள் ஓர் ஈரல் செய்கிற வேலை. ஆட்டு ஈரல் துண்டை மெஷினில் மாட்டி இழுப்பேன். எவ்வளவு இழுத்தால் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது, விட்டால் எப்படிப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது என்று எண்கள் வரும். அவற்றை, ரப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்புகிற பொருள்களுக்கான ஹைப்பர் எலாஸ்டிக் மாடலில் போட்டால் திரையில் இருக்கும் ஈரலும் அதேபோல நெளியும். திங்கட்கிழமைக்குள் மாடலைக் கொடுக்காவிட்டால் மூன்று வருட உழைப்பு அம்போ. கறி வாடையே ஆகாத எனக்குப் போய் இந்த வேலை வாய்த்தது, என் தலையெழுத்து.

அன்று புனித வெள்ளி, ஊர்ப் பேச்சில் பெரிய வெள்ளி. காலேஜ் லீவு, மெஷின் சும்மா இருக்கும். வழக்கம்போல ராயப்பன்பட்டி எட்வின் கறிக்கடைக்குப் போனேன். தெருவில் ஈ, காக்கை இல்லை. கடை பாதி திறந்திருந்தது. எட்வினைக் காணோம். யாரோ ஒரு பெரியவர், வலது விலாவில் தோள் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

“ஈரல் இருக்காய்யா?”

“இருக்கு ஆத்தா. இப்ப எடுத்ததுதான்.”

எடை போடாமலே இலையில் கட்டிக் கொடுத்தார். வண்டியில் போகும்போது பொட்டலம் வைத்த பை முழங்காலில் உரசியது. சூடாக இருந்தது. ச்சீ...

லேபில் ஒரு துண்டு வெட்டி, மெஷினில் இரண்டு பக்கமும் கவ்வ வைத்தேன். இன்னும் இழுக்க ஆரம்பிக்கவில்லை.

திரையில் இழுவையைக் காட்டும் கோடு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது...

மெஷின் கோளாறு என்று பிளக்கைப் பிடுங்கினேன். சத்தம் அடங்கியது. அப்போதுதான் கேட்டது.

ஸ்ஸ்... ஸ்ஸ்...

துண்டு விரிந்தது. சுருங்கியது. தூங்குகிறவர் மூச்சைப் போல.

கழற்றப் போனேன். ஈர ரப்பர் மாதிரி வழுவழுவென்று விரலில் ஒட்டியது.

இன்னும் சூடு.

அங்கேயே வாந்தி எடுத்தேன். மொத்த ஈரலையும் பினாயில் ஊற்றி, காலேஜுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். அந்த எண்களையும் அழித்தேன்.

மறுநாள் மறுபடி கடைக்குப் போனபோது, ஈஸ்டர் வியாபாரத்துக்கு எட்வின் ஆடு வெட்டியிருந்தார்.

“நேத்து கடையில நின்ன பெரியவரு யாருண்ணே?”

எட்வின் கத்தியைக் கீழே வைத்தார். “பெரிய வெள்ளியன்னைக்கு எங்க ஊருல யாரும் கத்தியத் தொட மாட்டாக டீச்சர். கடையப் பூட்டிட்டு நாங்க எல்லாரும் கோயில்லதான் இருந்தோம்.”

“வலது பக்கம் துண்ட வச்சு அமுக்கிக்கிட்டு...”

எட்வின் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவர் வெட்டிய ஈரலை வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். திங்கட்கிழமை மாடலைக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம், திரையில் அதை வெட்டிப் பழகிப் பார்த்த பயிற்சி டாக்டர் அருள்செல்வி போன் செய்தார்.

“பூமாரி, ஈரல் மூச்சு விடுற மாதிரி பண்ணிருக்கீகளே, நல்லாருக்கு. ஆனா கத்திய கிட்ட கொண்டு போனா மூச்சப் பிடிச்சுக்கிட்டு அசையாம நிக்குது. அத எதுக்கு வச்சீக?”

மூச்சு விடுவதற்கே நான் புரோகிராமில் ஒரு வரிகூட எழுதவில்லை.