நாலு இஞ்ச்

எதிரே வருகிறவரின் முகத்தை விட்டுவிட்டு இடுப்பைத்தான் பார்க்கிறார். ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தாலும் கண் சும்மா இருப்பதில்லை. "அந்த ஸ்ட்ரெச்சர்காரருக்குப் பேன்ட் முக்கா இஞ்ச் இறக்கம்" என்று பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுக்கிறார். பதினேழு நாளாக இதுதான் வேலை. உள்ளே மனைவி.

பழைய துணியைப் பிரித்து அளவு திருத்திக் கொடுக்கும் சின்னக் கடை அவருடையது. எதைக் கொண்டுபோனாலும், "ஒண்ணுமில்ல, ஒரு அரை இஞ்ச் பிடிச்சாப் போதும்" என்பார். அதனால் தெருவுக்கே அவர் 'அரை இஞ்ச் அண்ணன்'. மாடிப்படியில் ஏறுகிறவரின் காலடிச் சத்தத்தைக் கேட்டே இடுப்பளவைச் சொல்லிவிடுவாராம். ஒருநாள் ஏறியது பூனை. பிடித்து அளந்து பார்த்ததில் கால் இஞ்ச்தான் பிசகியதாம்.

மனைவி இளைக்கத் தொடங்கியபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த வயசுல இந்த இடுப்பு யாருக்கு வாய்க்கும்?" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். அவளோ இரண்டு ஆள் சாப்பாட்டை ஒருத்தியாகச் சாப்பிட்டாள். ஆனாலும் சட்டை தொளதொளத்தது. பிடித்துத் தந்தார். மறுபடியும் தொளதொளத்தது, மறுபடியும் பிடித்தார். டீ கொண்டுவந்தால் கை நடுங்கித் தட்டெல்லாம் சிந்தியது.

"என்னடி, என் மெஷினை முழுங்கிட்டியா?"

"முழுங்கித்தான் தொலைச்சேன். நெஞ்சுக்குள்ள ஓடுது பாருங்க."

இருவரும் சிரித்தார்கள். 

அப்புறம் காய்ச்சல், இருமல். நிமோனியா என்று சேர்த்துக்கொண்டார்கள். அதே நோவோடு அதே நாளில் வந்த பக்கத்துக் கட்டில்காரி ஐந்தாம் நாள் கைவீசி நடந்து வீட்டுக்குப் போனாள். இவளுக்கு இதயம் தறிகெட்டு ஓடியதில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டார்.

"தைராய்டு ரொம்ப அதிகமா சுரந்திருக்கு ஐயா. எப்பலேர்ந்து இளைக்கிறாங்க?"

தொழில் கேள்வி. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "மார்ச்சுல அரை இஞ்ச். மே மாசம் முக்கால். ஜூலைல ஒண்ணேகால். போன மாசம் ஒண்ணரை. மொத்தம் நாலு."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "இவ்வளவு துல்லியமாத் தெரிஞ்சிருக்கே. ஒரு தடவைகூட இங்க கூட்டிட்டு வரத் தோணலையா?"

"பிடிச்சுக் குடுத்தா சரியாயிடும்னு..."

முன்பே மாத்திரை தொடங்கியிருந்தால் இவளும் ஐந்தாறு நாளில் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மாத்திரைகள் போய்க்கொண்டிருக்கின்றன. துடிப்பு ஒருநாள் அடங்குகிறது, மறுநாள் துள்ளுகிறது. "துடிப்பு நிலைக்கணும், எடையும் கொஞ்சம் ஏறணும். அப்புறந்தான் வீடு. இப்ப எதையும் உறுதியாச் சொல்ல முடியாது" என்கிறார் டாக்டரம்மா.

இன்று அவளை வார்டுக்கு மாற்றி, எடை பார்த்தார்கள். ஏறவில்லை. உட்காரவைத்தபோது ஆஸ்பத்திரி அங்கி தோளிலிருந்து வழிந்தது.

"என்னங்க, இதுக்குள்ள இன்னொருத்தியைக் குடிவைக்கலாம் போல. கொஞ்சம் பிடிச்சுக் குடுங்களேன்."

பழக்கதோஷத்தில் கைகள் போய், இடுப்பின் இரு பக்கமும் தொங்கிய துணியைச் சேர்த்துப் பிடித்தன. எத்தனை இஞ்ச் என்று விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் துணியை விட்டார்.