கால் கேட்டேன், கொடுத்தார்

அண்ணாமலையாரை நம்பி நடக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

எனக்கு இருந்த ஒரே சொத்து கால்தான். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். லாரி கிளீனர், ஓட்டல் எடுபிடி, மண்டபங்களில் பாத்திரம் கழுவுகிறவன். எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. திருவண்ணாமலையில் மட்டும், கிரிவலப் பாதையில் ஓர் அன்னதானக் கொட்டகையில் வேலை கிடைத்ததால் கொஞ்சம் தங்கினேன்.

போன வருஷம் கார்த்திகை தீபம் முடிந்த வாரம், சாம்பார் வாளி கையிலிருந்து நழுவியது. குனிந்தவன் எழவில்லை. பக்கவாதம். இடது பக்கம் முழுக்கப் போனது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். தினமும் பிசியோதெரபி செய்யச் சொல்லி அனுப்பினார்கள். யாரிடம், எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

கை திரும்பியது. கால் திரும்பவில்லை. கொட்டகைக்காரர் சோறு போட்டார், வேலை தரவில்லை. நான் பரிமாறின பந்தியிலேயே தட்டோடு உட்கார்ந்தேன். மலையைப் பார்த்துத் திட்டினேன். பிறகு கெஞ்சினேன். ‘என் காலைக் கொடு. வேறெதுவும் வேண்டாம்.’ தினமும் இதே வார்த்தை.

தை மாதம் பதில் வந்தது. கலைவாணி என்ற பெண் செங்கம் ரோட்டில் ஒரு தனியார் கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவர், நான் காலை இழுத்துப் போவதைப் பார்த்து நின்றார்.

“அண்ணா, உங்க காலைக் கொஞ்ச மாசம் எனக்குக் குடுப்பீங்களா?”

“கெட்ட சரக்கும்மா. எடுத்துனு போனா வாபஸ் வாங்க மாட்டேன்.”

சிரித்துவிட்டு விளக்கினார். நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்க கிளினிக்கில் ஒரு மெஷின் தயாராகிறது. திரை, கேமரா, இடுப்பைத் தாங்கும் பெல்ட். அதற்குக் கற்றுக்கொடுக்க, நிஜமாகவே பாதிக்கப்பட்ட ஒரு கால் வேண்டும். எனக்குச் சிகிச்சை இலவசம்.

அசைவைக் கேமரா பிடிப்பதற்காகக் காலெல்லாம் வெள்ளைப் பொட்டு ஒட்டினார்கள். கலைவாணி தரையில் உட்கார்ந்து என் குதிகாலைப் பிடிப்பார். செய்வதையெல்லாம் கேமராவுக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்வார். “பயப்படாதீங்க, நான் பிடிச்சிருக்கேன். இப்ப மெதுவா விடுறேன்.”

யாருக்கும்மா இதெல்லாம் சொல்றீங்க என்று ஒருநாள் கேட்டேன்.

“எனக்கு அப்புறம் இந்த வேலைக்கு வர்றதுக்கு” என்று மெஷினைக் காட்டினார்.

“தெரிஞ்சேவா சொல்லித் தர்றீங்க?”

“நான் மாட்டேன்னா வேற ஒருத்தி வருவா. அவ வேற காலைக் கூட்டினு வருவா. அப்ப நீங்க?”

காலை நீட்டினேன்.

சித்திரை பௌர்ணமிக்கு, யார் தோளையும் பிடிக்காமல் மலையைச் சுற்றி வந்தேன். ராஜகோபுரத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டேன். நானே எழுந்தேன். அழுகை நிற்கவில்லை.

அந்த வாரமே கலைவாணியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இனி பெல்ட் மாட்டவும் சுவிட்ச் போடவும் ஓர் ஆள் போதுமாம். அந்த ஆளாக என்னைக் கூப்பிட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். பையை எடுத்துக்கொண்டிருந்த கலைவாணிதான் சொன்னார். “சேர்ந்துக்குங்கண்ணா. நான் நடக்க வெச்ச காலு ஒண்ணாவது இங்க இருக்கட்டும்.”

சேர்ந்தேன். ஊர் ஊராகத் திரிந்தவன் இன்று ஒரே அறையில் நிற்கிறேன். பட்டம் வாங்கிய அந்தப் பெண் கீழ்பென்னாத்தூரில் அப்பாவின் மல்லாட்டைக் கொல்லையில் கடலைக்குக் களையெடுத்துக்கொண்டு நிற்கிறார். வேலை கேட்கிற கிளினிக்கில் எல்லாம் மெஷின் வரப்போகிறது என்கிறார்களாம்.

மெஷின் அவர் குரலில்தான் பேசுகிறது. ‘பயப்படாதீங்க, நான் பிடிச்சிருக்கேன்.’ யாரும் பிடித்திருப்பதில்லை. அதனால் நான் போய் நோயாளியின் குதிகாலைப் பிடித்துக்கொள்கிறேன். அது என் வேலை இல்லை. ஆனால் அவர் சொன்ன வார்த்தை பொய்யாகக் கூடாது.

அண்ணாமலையார் கேட்டால் கொடுப்பார். என்னால் நடந்தே காட்ட முடியும். நம்பிக் கேளுங்கள். நான் காலை மட்டும் கேட்டேன், காலை மட்டும் கொடுத்தார். நீங்கள் கேட்கும்போது, உங்களைப் பிடித்திருக்கும் கைக்கும் சேர்த்துக் கேளுங்கள். பௌர்ணமிதோறும் நான் அதைத்தான் கேட்டு நடக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அவர் கொடுத்த கால் இருக்கிறது, நடக்கிறேன்.